பயம் வரவேண்டிய நேரம்

வட்டக்கச்சி
06.01.2025

யதுவின் அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். சுகமில்லை என்றுதானே கார்த்திகைக் கடைசியில் உங்களைக் கொண்டுபோய் வவுனியாவில் அந்தக் குடிமறப்பு இல்லத்தில் விட்டோம், பிறகு என்ன கேள்வி? நானும் யதுவும் சுகம். இவ்வளவு சுகமாக இருந்து கனகாலம் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை போனில் கதைக்க விட்டார்களே, அதில் நல்லதாக ஒரு வார்த்தை கதைத்தோமா? நீங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன், போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் டொக்டர் அம்மா எடுத்தார். "தங்கச்சி, இனிப் போன் வேண்டாம். ரெண்டு பேரும் கடிதம் எழுதுங்கோ. எழுதேக்க கத்த ஏலாதுதானே" என்றார். பாவம், அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு எழுத்திலும் கத்த வரும்.

அப்படி நான் என்ன கேட்டுவிட்டேன்? மாசிக் கடைசியில் உங்களை விடப்போகிறார்கள். விட்ட கையோடு பரமலிங்கம் அண்ணா உங்களை நேரே நம் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போய், எரிகிற கற்பூரத்தில் கையடித்து, இனிக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ண வைக்கப் போகிறாராம் என்றேன். என் கூடப்பிறந்த அண்ணா, உங்களுக்கு மச்சான், அவர் அதைச் சொல்லக்கூடாதா? அதற்கு நீங்கள், "சத்தியமும் மண்ணாங்கட்டியும், ஆளை விடும்" என்று பாய்கிறீர்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து ஆள் வந்து பொறுப்பெடுத்தால்தான் உங்களை விடுவார்களாம். நான் வருவேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. நான் உங்கள் குடிக்குப் பயப்படுகிறேன் என்று ஊர் நினைக்கிறது. குடித்த உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். சாராயம் உள்ளே போனதும் பாட்டு, பிறகு அழுகை, பிறகு நித்திரை. மானம் போகும், ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். குடிக்காத உங்களுக்குத்தான் நான் பயம்.

முந்தின வருடம் சிறுபோக நெல் விதைத்த நேரம் இதே கோயிலில் கற்பூரத்தில் கையடித்துவிட்டு வந்தீர்களே, அந்தக் கிழமை ஞாபகம் இருக்கிறதா? குசினியில் சோற்றுப் பானை மூடி என் கைதவறி விழுந்தது. ஒரு மூடி, அவ்வளவுதான். நீங்கள் பாய்ந்து வந்து கஞ்சிச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தீர்கள். யதுவின் காலில் கொட்டியது. அந்த அடையாளம் இன்னும் மாறவில்லை. ஒரு சொட்டும் குடிக்காமல் செய்த வேலை அது. குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்று பழமொழி இருக்கிறது. குடியை விட்டவனின் கோபத்துக்கு ஒருவரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

உடுக்க இரண்டு சாரமும் குளிக்கத் துவாயும் சவர்க்காரமும் அண்ணாவிடம் கொடுத்துவிடுகிறேன். அவரோடு ஒழுங்காகக் கதையுங்கள்.

விமலேஸ்வரி


14.01.2025
தைப்பொங்கல்

விமலா,

உம்முடைய கடிதத்தை வாசித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. பாதியில் எரிச்சல் வரும், மடித்து வைப்பேன், பிறகு எடுப்பேன். கிழிக்காமல் மடித்து வைத்ததே முன்னேற்றம் என்கிறார் டொக்டர் அம்மா. இங்கே எல்லாமே முன்னேற்றம்தான். நித்திரை வராவிட்டாலும் முன்னேற்றம், வியர்த்துக் கொட்டினாலும் முன்னேற்றம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இன்று பொங்கல். பக்கத்து வளவுப் பிள்ளைகள் காலையிலிருந்து சீனவெடி கொளுத்துகிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் இங்கே வளர்ந்த ஆம்பிளைகள் எல்லோரும் கோழிக்குஞ்சு மாதிரித் துள்ளுகிறோம். என் அறையில் நிஸார் என்று ஒருவர் இருக்கிறார். முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருந்தவர். முதலில் போதைக் குளிசை, பிறகு ஐஸ் தூள் என்று போய்க் கடையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். முதல் வெடிக்கே கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். பிறகு வெளியே வந்து சாரத்தைத் தட்டிக்கொண்டு, "பொங்கல் உங்கட, நடுக்கம் மட்டும் எனக்குமா அண்ணே?" என்றார். பொங்கல் நாளில் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

உமக்குத் தெரியும், யுத்த நேரம் குண்டு விழுகிற செல்லடிக்குள் உம்முடைய அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் நான். அன்று கை நடுங்கவில்லை. இன்று சீனவெடிக்கு நடுங்குகிறேன். இது என்ன கோதாரி என்று டொக்டரிடமே கேட்டேன். அவர் பலகையில் படம் கீறிக் காட்டினார். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன், சிரிக்க வேண்டாம்.

ஆபத்து வந்தால் உடம்பை எழுப்பிவிட எல்லோருக்கும் உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கிறதாம். மூளையிலிருந்து கட்டளை போகும். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி, அது ஒரு சாற்றை இரத்தத்தில் விடும். நெஞ்சு அடிக்கும், கை காலுக்குப் பலம் வரும். ஆபத்து போனதும் "போதும்" என்று மூளை சொல்லும், அது அடங்கும். வருடக்கணக்காகக் குடித்தால் அந்தப் "போதும்" சொல்லுகிற வேலை பழுதாகிவிடுமாம். குடிக்கும்போதும் சாறு ஓடும், வெறி முறியும்போது இன்னும் கூட ஓடும். நான் அமைதிக்காகக் குடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உள்ளே அது எரிந்துகொண்டிருந்திருக்கிறது. குடியை நிறுத்தினால் உடனே சரிவராதாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ, ஆளுக்கு ஆள் வித்தியாசம். அதுவரை மூடி விழுந்தாலும் உடம்புக்குச் செல் விழுந்த மாதிரித்தான். நிஸாரின் ஐஸும் அதே இடத்தில்தான் கைவைத்திருக்கிறது.

இப்போது சத்தியத்துக்கு வருகிறேன். நான் அன்று செய்த சத்தியம் பொய்யில்லை, மனதோடு செய்தேன். அது இந்தச் சுரப்பிக்குக் கேட்கவில்லை. மறுநாள் என்ன செய்தார்கள்? ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு கூடியது. "கற்பூரத்தில கையடிச்ச ஆள் தண்ணிப் பங்கில களவு செய்யான். தவரூபனே பார்க்கட்டும்" என்று எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவதென்று பார்க்கிற எங்கள் வாய்க்காலின் தண்ணீர் முறையை என் தலையில் கட்டினார்கள். உம்முடைய அண்ணாதான் முன்னுக்கு நின்று கைதட்டினார். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம். ஒவ்வொரு கமக்காரனும் மண்வெட்டியோடு வந்து என் முகத்துக்கு நேரே கத்தினான். குடியை விட்டு ஒரு கிழமையும் ஆகாத மனுசனுக்குக் கொடுக்கிற வேலையா அது? இப்போதும் அதற்குத்தானே அண்ணா கற்பூரம் வாங்கி வைத்திருக்கிறார்?

சத்தியம் பண்ணமாட்டேன். இதைக் கத்தாமல் எழுதியிருக்கிறேன்.

தவரூபன்


வட்டக்கச்சி
22.01.2025

யதுவின் அப்பாவுக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீங்கள் சுரப்பி கோணல் என்கிறீர்கள். அண்ணாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப அதை வெட்டி எடுக்கட்டுமன், அப்பெண்டிக்ஸ் எடுக்கிற மாதிரி" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் மேல் எரிச்சலும் வந்தது.

அண்ணா கனகராயன்குளத்திலிருந்து கிழமைக்கு ஒருதரம் மோட்டார் சைக்கிளில் வந்து நம் வயலைப் பார்த்துவிட்டுப் போகிறார். வரும்போதெல்லாம், "அவன் சத்தியம் பண்ணமாட்டன் எண்டால் குடிக்கப்போறான் எண்டுதான் அர்த்தம்" என்கிறார். கமக்காரர் அமைப்பு ஆட்களும் வாசல் படலையில் நின்று, வாற சிறுபோகத்துக்குத் தவரூபன் வந்துவிடுவான்தானே என்று கேட்கிறார்கள். சத்தியம் பண்ணிய ஆள் ஒருவர் அவர்களுக்கு வேண்டுமாம். எல்லோருக்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும். என் மண்டை வெடிக்கிறது.

சரி, உங்கள் டொக்டர் படித்தவர், பொய் சொல்லமாட்டார். மூடிக்கு நீங்கள் பாய்ந்ததற்கு அந்தச் சுரப்பிதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கஞ்சிச் சட்டியை இன்றோடு விட்டுவிடுகிறேன். ஆனால் வாய்க்காலை விடமாட்டேன்.

இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. நீங்கள் கதைப்பீர்கள் என்று நானிருந்தேன். இனி நானே எழுதுகிறேன். தண்ணீர் முறை உங்கள் பொறுப்பில் இருந்த அந்தக் கிழமை, யது பள்ளிக்கூடம் விட்டு வாய்க்கால் ரோட்டால் வந்தாள். சைக்கிள் சறுக்கித் தண்ணீருக்குள் விழுந்தாள். தண்ணீர் முழுக்கத் திறந்துவிட்ட நேரம். சைக்கிள் அவளுக்கு மேலே. பன்னிரண்டு வயதுப் பிள்ளை. புல்லுப் பிடுங்கிவிட்டு வந்த இரண்டு பெண்கள் சேலையோடு குதித்து இழுத்தெடுத்தார்கள். நான் ஓடிவந்தபோது பிள்ளை வரம்பில் கிடந்து தண்ணீர் கக்குகிறாள். நீங்கள் வாய்க்கால் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். கதவைத் திருகும் பிடி உங்கள் கையில். அதைத் திருகவுமில்லை, பிள்ளையிடம் ஓடவுமில்லை. கல்லு மாதிரி நின்றீர்கள்.

குதித்த பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தனாங்கள் அக்கா, அண்ணை அசையேல்லை" என்றாள். அதைக் கேட்டபோது பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அன்று நீங்கள் குடித்திருக்கவில்லை. கிட்ட வந்து முகர்ந்து பார்த்தேன், அது உங்களுக்குத் தெரியாது. குடித்திருந்தால் மன்னித்திருப்பேன். மூடி விழுந்ததற்குப் பாய்ந்த மனுசன், பிள்ளை விழுந்ததற்கு அசையவில்லை என்றால் நான் என்னவென்று நினைப்பது? இந்த ஆளுக்குப் பிள்ளையில் பாசமில்லை என்று நினைத்தேன். இன்றும் அதைத்தான் நினைக்கிறேன். அந்த நினைப்போடு எப்படி உங்களை வீட்டுக்குக் கூட்டிவருவது?

இதற்கு எந்தச் சுரப்பி? டொக்டரிடம் கேட்டு எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் மாசிக் கடைசியில் என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

விமலேஸ்வரி


31.01.2025

விமலா,

பலதரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது கோபத்தில் கிழித்ததில்லை.

டொக்டரிடம் கேட்டேன். "முதல்ல அண்டைக்கு நடந்ததை முழுக்க எனக்குச் சொல்லுங்கோ, தவரூபன்" என்றார். உமக்கும் சொல்லாததை அவரிடம் சொல்லவேண்டி வந்தது. இப்போது உமக்கும் எழுதுகிறேன்.

கண்டேன். யது என்று தெரிந்தது. சைக்கிள் அவளுக்கு மேலே கிடப்பது தெரிந்தது. கதவை மூடினால் தண்ணீர் குறையும் என்பதும் தெரிந்தது. எல்லாம் தெரிந்தும் உள்ளே ஒன்றும் எழும்பவில்லை. நெஞ்சு அடிக்கவில்லை, கை வரவில்லை. யாரோ வீட்டு டிவியில் ஓடும் படத்தை றோட்டில் நின்று பார்ப்பது மாதிரி நின்றேன். அந்தப் பெண்கள் என்னைக் கூப்பிட்டது கேட்டது. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதும் விளங்கியது.

அன்று பின்னேரம் நான் திரும்பக் குடித்தேன். நீங்கள் எல்லோரும் தண்ணீர்ச் சண்டை தாங்காமல் குடித்தேன் என்று நினைத்தீர்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன், அது மரியாதையாக இருந்தது. உண்மையில் எனக்குப் பயம் வராததைக் கண்டு பயந்துதான் குடித்தேன். பெற்ற பிள்ளைக்குத் துடிக்காத நெஞ்சு என்ன நெஞ்சு? நீர் நினைத்ததைத்தான் நானும் என்னைப் பற்றி நினைத்தேன்.

டொக்டர் சொன்னது இதுதான். அந்தச் சாறு சும்மா நேரத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால், உண்மையான ஆபத்து வரும்போது அது எழும்பவேண்டிய அளவுக்கு எழும்பாதாம். கனகாலம் குடித்தவர்கள், போதை எடுத்தவர்கள் நிறையப் பேரிடம் இந்த இரண்டையும் பார்க்கலாமாம். சின்னதுக்கு எரிவார்கள், பெரியதுக்கு மரத்துப்போவார்கள். "அண்டைக்கு உங்களுக்கு நடந்தது அதுதான் எண்டு நான் அடிச்சுச் சொல்லமாட்டன். ஆனால் அது நடக்கக்கூடியது. இது காரணம், சாட்டு இல்லை" என்றார். அவரிடம் எனக்குப் பிடித்தது, ஒருதரமும் முதுகில் தட்டி ஆறுதல் சொல்லமாட்டார்.

நிஸாரிடம் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார்: "பெத்த வாப்பாவ அடக்கம் பண்ணின ஜனாஸாவில எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல்ல அண்ணே. மரம் மாதிரி நின்டன். ஆனா அண்டைக்கே பள்ளிவாசல்ல எவனோ என்ட செருப்ப மாறிப் போட்டுட்டான் எண்டு சண்டை பிடிச்சு அடிபட்டன். சனம் என்ன சொல்லிருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க." அவருடைய உம்மா இன்றுவரை அவரோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லையாம்.

பாசமில்லை என்று எழுதியிருந்தீர். இருக்கிறது என்று என்னால் எழுத முடியும், ஆனால் என் எழுத்தை நம்பச்சொல்லி எந்த முகத்தோடு கேட்பேன்? மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

யதுவின் காலில் உள்ள அடையாளத்துக்கு ஏதாவது மருந்து இருக்கிறதா என்றும் டொக்டரிடம் கேட்டேன். ஒரு களிம்பின் பெயர் சொன்னார். தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

தவரூபன்


கிளிநொச்சி ஆஸ்பத்திரி
08.02.2025

யதுவின் அப்பாவுக்கு,

யதுவின் கொப்பியிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். அவளுக்கு டெங்கு. வாட்டில் இருக்கிறோம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நேற்றுச் சந்தோசப்பட்டேன். காய்ச்சல் விடுகிற நேரம்தான் கவனம், இனித்தான் பார்க்கவேண்டும் என்கிறார்கள். பிளேற்லெட் குறைந்துகொண்டே போகிறது. மணிக்கொருதரம் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். குடித்த தண்ணீரையும் போன சலத்தையும் அளக்கச் சொல்லி என்னிடம் ஒரு போத்தல் தந்திருக்கிறார்கள். நாளை வரை தாண்டினால் பயமில்லையாம்.

உங்களுக்குச் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒன்றில் கல்லு மாதிரி இருப்பீர்கள், அல்லது அங்கே யாரோடாவது அடிபடுவீர்கள். இரண்டையும் நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் எனக்கு இப்போது யாரையாவது பார்த்துக் கத்தவேண்டும். வாட்டில் கத்த முடியாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நெல் வெட்டுகிற மெசினும் இன்றுதான் வந்து நிற்கிறது. அதை அண்ணா மெசின்காரரிடமே விட்டுவிட்டார். அவர் இப்போது ஒரு அலுவலாக வவுனியாவுக்குப் போய்த் திரும்புகிறார், இதை உங்கள் கேற்றில் கொடுப்பார். போன் எடுக்கவேண்டாம். என் போனில் சார்ஜ் இல்லை, இருந்தாலும் நான் எடுக்கமாட்டேன்.

அவள் நித்திரையில் உங்களைக் கூப்பிட்டாள். ஏன் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருக்கிறவள் நான்.

விமலேஸ்வரி


12.02.2025

விமலா,

இப்போது யது தேறிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

அண்ணா கடிதத்தைக் கேற்றில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் கிணற்றடியில் நின்று வாசித்தேன். பிளேற்லெட் என்ற சொல்லுக்கு வந்தபோது எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. வாய் காய்ந்தது, கை குளிர்ந்தது. மூடி விழுந்தால் வருமே ஒரு கொதிப்பு, அது இல்லை. அது தலைக்கு ஏறும். இது அடிவயிற்றில் விழுந்தது. என் பிள்ளை, என் பிள்ளை என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கேற்றுக்கு ஓடினேன். காவல்காரர் மறித்தார். அவரைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம், மெலிந்த மனுசன். தள்ளவில்லை. "என்ர பிள்ளைக்கு டெங்கு, கடுமை அண்ணை" என்று சொல்லிக்கொண்டு அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் ஒபிசுக்குக் கூட்டிப்போனார். உமக்கு எடுத்தோம், போன் வேலை செய்யவில்லை. அண்ணாவுக்கு எடுத்தோம். "இன்னும் ஒண்டும் சொல்லேலாது தம்பி" என்றார்.

மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நேரம் எனக்குச் சாராயம் வேண்டும் போல இருந்தது. இங்கே வந்ததிலிருந்து அப்படி ஒருநாளும் உடம்பு கேட்டதில்லை. நிஸார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஒரு கையால் என்னைப் பிடித்தபடியே யதுவுக்காக இறைவனிடம் துஆ கேட்டார். நான், "என்னால தாங்கேலாமல் இருக்கு, பயமாக் கிடக்கு" என்றேன். "பயப்படுங்க அண்ணே. நல்லாப் பயப்படுங்க. உங்கட புள்ளதானே" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. விமலா, எனக்குப் பயம் வந்திருக்கிறது!

டொக்டர் வந்து நாடி பார்த்தார். ஏதாவது குளிசை தாருங்கள், நித்திரையாவது கொள்கிறேன் என்றேன். "இதுக்கு நான் ஒண்டும் தரமாட்டன். பிள்ளைக்குச் சுகமில்லை எண்டால் தகப்பனுக்கு இப்பிடித்தான் இருக்கவேணும்" என்றார். இவ்வளவு நாளில் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டது அன்றுதான். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. என் பிள்ளை அங்கே கிடக்கிறாள், இவர் சிரிக்கிறார்.

விடியும்வரை கதிரையில் உட்கார்ந்திருந்தேன். கத்தவில்லை, ஒன்றையும் தூக்கி அடிக்கவில்லை. காலையில் அண்ணா எடுத்து, தாண்டிவிட்டாள், பிளேற்லெட் ஏறுகிறது என்றார். அதன்பிறகு அழுதேன். கனநேரம் அழுதேன். குடிக்காமல் நான் அழுததை நீர் கண்டதில்லை. எனக்கும் அது மறந்துபோயிருந்தது.

இது ஒரு நாள் கதை. இதை வைத்து நான் சுகமாகிவிட்டேன் என்று சொல்லவரவில்லை. நேற்றுக்கூட ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையைப் படாரென்று வைத்ததற்கு முறைத்துக்கொண்டு எழும்பினேன். பிறகு திரும்ப உட்கார்ந்துவிட்டேன். ஆனால் வாய்க்காலில் வராதது இந்தமுறை வந்தது. அதை உமக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

28ஆம் திகதி விடுகிறார்கள். சத்தியம் பண்ணமாட்டேன், தண்ணீர் முறையும் எடுக்கமாட்டேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வருவீரா?

தவரூபன்


வட்டக்கச்சி
22.02.2025

யதுவின் அப்பாவுக்கு,

யதுவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மெலிந்துபோய்த்தான் இருக்கிறாள், வாய் மட்டும் மெலியவில்லை. உங்கள் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்பா பயந்தவரோ? உண்மையாவோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஓம் என்றேன். கடிதத்தை வாங்கித் தானும் ஒருதரம் வாசித்தாள். பிறகு எனக்குப் பசிக்குது என்று சொல்லி, அண்ணா வாங்கிவந்த பணிஸ் எல்லாவற்றையும் தின்று முடித்தாள்.

நானும் அழுதேன். எரிச்சலில் அழுதேன் என்று எழுதப் பார்த்தேன், அது பொய். பாசமில்லாத மனுசன் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டு உங்களுக்குச் சோறு போட்டேன். அந்த நினைப்பு இப்போது இல்லை. அதை உங்களுக்குச் சொல்லவேண்டியது என் கடமை.

அண்ணாவிடம் கதைத்துவிட்டேன். கற்பூரம் வேண்டாம், கோயிலுக்குக் கூட்டிப்போவதென்றால் கும்பிடக் கூட்டிப்போங்கோ என்றேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். அடுத்த நாளே வந்துவிட்டார். கமக்காரர் அமைப்பு ஆட்களிடமும் படலையில் வைத்தே சொன்னேன்: "அந்த மனுசனிட்டைத் தண்ணி முறையைக் குடுக்கிற கதையை இனி இங்க எடுக்கவேண்டாம். களவு செய்யாத ஆள் வேணுமெண்டால் உங்களுக்குள்ள தேடுங்கோ." அதிலிருந்து ஒருவரும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. நிம்மதி.

இனி என் கதை. கோபிக்காமல் வாசியுங்கள், பாதியில் மடித்துவைத்தாலும் பிறகு எடுத்து வாசியுங்கள்.

முந்தாநாள் பின்னேரம், நீங்கள் வழக்கமாக வருகிற நேரம், படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மீன்காரர். மீன் என்று அவர் கூப்பிட்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது. பார்த்தால், நான் யதுவையும் இழுத்துக்கொண்டு அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். அடுப்பு அணைந்திருக்கிறது. குசினிக் கத்தி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. இதையெல்லாம் நான்தான் செய்திருக்கிறேன், எப்போது செய்தேன் என்று தெரியவில்லை. நெஞ்சு அப்படி அடிக்கிறது. யது என்னம்மா என்று கேட்கவில்லை. அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் வவுனியாவில் பூட்டிய கேற்றுக்குள் இருக்கிறீர்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உங்கள் மேலும் வந்தது, என் மேலும் வந்தது. நான் ஒரு சொட்டும் குடித்ததில்லை. அவளும்தான். ஆனால் நீங்கள் பக்கம் பக்கமாக எழுதினீர்களே, அந்தச் சுரப்பி எங்களுக்கும் இருக்கிறதுதானே? நீங்கள் குடித்த வருடமெல்லாம் அது எங்களுக்குள் என்ன செய்துகொண்டிருந்தது? உங்களுக்குக் கட்டில் தந்தார்கள், வகுப்பு வைத்தார்கள், நாடி பிடித்துப் பார்க்க டொக்டர் இருக்கிறார். பக்கத்தில் இருந்து கையைப் பிடிக்க நிஸார் இருக்கிறார். எங்கள் இரண்டு பேரையும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் இதை நோய் என்று நினைக்கவில்லை, குடும்பம் என்று நினைத்திருந்தேன்.

28ஆம் திகதி வருகிறேன். பொறுப்பெடுத்து உங்களைக் கூட்டிக்கொண்டு கனகராயன்குளம் வரைதான் வருவேன். அங்கே அண்ணாவோடு இருங்கள், அவரிடம் கேட்டுவிட்டேன். அவருடைய தோட்டத்தில் வேலை இருக்கிறது, தண்ணீர்ச் சண்டை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் யதுவும் பஸ்ஸில் வருவோம். நாங்கள் கூப்பிடாமல் நீங்கள் வட்டக்கச்சிக்கு வரவேண்டாம். இதைத் தண்டனை என்று நினைத்தால் அது உங்கள் விருப்பம்.

புறப்பட முன் டொக்டர் அம்மாவிடம் எனக்காக ஒன்று கேளுங்கள். உங்கள் உடம்பு ஒழுங்குக்கு வர ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும் என்று சொல்லியிருக்கிறார். குடிக்காத எங்கள் இரண்டு பேருக்கும் எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

விமலா